முதல் மூன்று கையெழுத்துகள்

எங்கள் சங்கத்தின் வரலாற்றை எழுதியவன் நான். பத்தாம் ஆண்டு மலரில் நான்கு பக்கம். முதல் வாக்கியம் இப்படி இருக்கும்: "அந்நிய மண்ணில் அனைத்தையும் இழந்து நின்ற வேளையிலும் துணிவை இழக்காத ஐந்து பெரியோர் ஒன்றுகூடி இச்சங்கத்தை நிறுவினர்." இதில் அந்நிய மண் என்பது மட்டும் உண்மை. ஐந்து என்பது பொய். துணிவு என்பது பெரிய பொய். நிறுவினர் என்பது, சத்தியக் கடதாசியில் எழுதியிருந்தால் ஆளை உள்ளே தள்ளவேண்டிய பொய்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நீதிமன்றத்தில் பதினொரு வருடம் இலிகிதராக இருந்தவன் நான். ரொறன்ரோவுக்கு வந்தபின் இருபத்திரண்டு வருடம் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞர், மொழிபெயர்ப்பாளர், கோப்புத் தூக்குபவர், எல்லாம் நானே. எந்தப் படிவம் எந்த அலுவலகக் கருமபீடத்துக்குப் போகவேண்டும், எத்தனை பிரதி, எந்த மூலையில் பெயரின் முதலெழுத்துகளால் சுருக்கொப்பம் என்பதெல்லாம் ஓய்வுபெற்ற பின்னும் மறக்கவில்லை. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாட்கள்தான் மறந்துபோகின்றன. ஆகவே அந்த வாக்கியத்தைத் தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்தச் சட்டத்தரணி ஒரு கறுப்பினப் பெண். கரீபியன் தீவொன்றில் பிறந்தவர். அவருடைய தாய், வீட்டு வேலைக்குப் பெண்களை எடுக்கும் ஒரு திட்டத்தில் இந்த நகரத்துக்கு வந்தார். புறப்படும்போது ஒரு கட்டுக் காகிதங்களை முன்னால் வைத்து, இங்கே கையெழுத்தை வை, இங்கே வை என்று விரலால் காட்டினார்களாம். அவர் வைத்தார். அவற்றில் ஒன்றில், தனக்குப் பிள்ளைகள் இல்லை என்று இருந்தது. ஊரில் இரண்டு பெண்பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருந்தார். சில வருடங்கள் கழித்து அவர்களைக் கூப்பிட விண்ணப்பித்தபோது அந்தக் காகிதம் கோப்பிலிருந்து எழும்பி வந்தது. பிள்ளைகளைத் தர மறுத்ததோடு நிற்காமல், பொய் சொன்ன குற்றத்துக்குத் தாயையும் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். "ஒரு காகிதத்தின்படி நானும் தங்கச்சியும் பிறக்கவேயில்லை" என்று அவர் சொல்லுவார். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார். பிறக்காத பிள்ளைகள் இந்த நாட்டுக்கு வந்து தாயைச் சேரும்போது மூத்தவருக்குப் பதினாலு வயது.

சட்டக் கல்லூரி வகுப்பில் கறுப்பினப் பெண் அவர் ஒருவர்தான். நூலகத்தில் அவரைப் புத்தகம் அடுக்க வந்த ஆள் என்று நினைத்து, திருப்பிக் கொடுக்கவேண்டிய புத்தகங்களை அவருடைய மேசையில் வைத்துவிட்டுப் போவார்களாம். அவர் அவற்றை வாசித்து முடித்துவிட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். படிப்பு முடிந்தபின் ஒரு சட்டத்தரணியிடம் பயிற்சி பெறவேண்டும். ரெலிபோனில் கேட்டால் இடம் இருக்கும். கதவைத் திறந்து உள்ளே போனால் நிரம்பிவிடும். கடைசியில், தன்னையும் ஒரு காலத்தில் எந்தப் பெரிய நிறுவனமும் சேர்க்காத ஒரு யூதக் கிழவர் எடுத்தார். அவரும் முதல் ஆறு மாதம் கட்சிக்காரரின் கண்ணில் படாத பின்னறையில்தான் வைத்திருந்தார்.

நான் அவரோடு போய்வந்த நீதிமன்றத்தில், மேலங்கி அணிந்து வழக்காடிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். வாசற் காவலர்கள், உன்னுடைய வழக்கு எத்தனை மணிக்கு, உன்னுடைய லோயர் எங்கே என்று கேட்பார்கள். அதனால் வாகனத் தரிப்பிடத்திலேயே மேலங்கியைப் போட்டுக்கொண்டு இறங்குவார். பனிச்சேற்றில் அதன் விளிம்பு இழுபடும். அப்படியும் ஒருநாள் ஒரு காவலர், மேலங்கியைப் பார்த்துவிட்டு, தேவாலயப் பாடகர் குழுவுக்கு அடுத்த கட்டடம் என்று மிகவும் மரியாதையாக வழி காட்டினார்.

வெள்ளைக்காரரின் இந்தக் கதைகளைச் சொல்லும்போது எங்கள் ஆட்கள் நன்றாகத் தலையாட்டுவார்கள். ஆகவே எங்கள் கதைக்கு வருகிறேன்.

அவருடைய அலுவலகம் நகரின் கிழக்கே வோபர்னில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது. அகதி வழக்குக்கு வரும் தமிழர், படியேறி, என்னைக் கண்டு முகம் மலர்ந்து, உள்ளறையில் அவரைக் கண்டவுடன் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்பார்கள்:

"அண்ணை, வெள்ளை லோயர் ஒருத்தரும் இல்லையோ?"

"என்ன கேட்கிறார்?" என்று சட்டத்தரணி கேட்பார்.

"வழக்கு முடிய எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்கிறார்."

அவர் காலத்தைச் சொல்லுவார். நான் அதைத் தமிழில் சொல்லுவேன். கேட்டது ஒன்று, வந்த பதில் வேறொன்று என்று குழம்பினாலும் கட்சிக்காரர் இருந்துவிடுவார். சிலர் நேரே, "இந்தக் கறுவலுக்கு எங்கட பிரச்சினை விளங்குமே?" என்றும் கேட்டார்கள். அதையும் எவ்வளவு காலம் என்றுதான் மொழிபெயர்த்தேன். சத்தியம் செய்து கொடுத்த மொழிபெயர்ப்பாளன் நான். ஒருநாள் அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "உன்னுடைய ஆட்கள் விசித்திரமானவர்கள். என் முகத்தைப் பார்த்தவுடன் எல்லாருக்கும் காலத்தைப் பற்றித்தான் கவலை வருகிறது." நான் கோப்பை அடுக்கினேன்.

அந்த அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. வேறெந்த அலுவலகத்திலும் நான் அதைக் காணவில்லை. எந்தக் காகிதத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, கையெழுத்து வைப்பவரின் மொழியில், சத்தமாக வாசித்துக் காட்டவேண்டும். பிறகுதான் பேனா. அவசரம் என்று யார் கெஞ்சினாலும் சரி. "என் அம்மாவுக்கும் அவசரம் என்றுதான் சொன்னார்கள்" என்பார். இருபத்திரண்டு வருடம் நான் தொண்டை வரள வாசித்தேன். வாசிக்கும்போதுதான் ஆட்கள், ஐயோ அது என்ரை அண்ணன் இல்லை, தம்பி, என்று பதறுவார்கள். அப்படித் திருத்திய வரிகளால் எத்தனை குடும்பங்கள் இந்த நகரத்தில் தங்கின என்று எனக்குத் தெரியும். அவர்களில் பலர் இன்றைக்கு எங்கள் சங்கத்தின் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

சங்கம் பிறந்த கதை இதுதான். சனிக்கிழமைகளில் கூட ஒரு பள்ளிக்கூட மண்டபம் தேவைப்பட்டது. பதிவு செய்த அமைப்புக்குத்தான் தருவோம் என்றார்கள். ஐந்து பேர் அலுவலகத்துக்கு வந்தார்கள். எல்லாரும் அவருடைய கட்சிக்காரர்கள். எல்லாருடைய வழக்கும் அப்போது முடிவில்லாமல் இருந்தது. அவர் இரண்டு நாளில் சங்கத்தின் விதிகளான யாப்பை எழுதி, விண்ணப்பத்தைத் தயார்செய்து வைத்தார். மூன்று பேர் கையெழுத்திடவேண்டும். அந்த மூவரும் முதல் உறுப்பினர்களும் சங்கத்தை நடத்தும் முதல் பணிப்பாளர்களும் ஆவார்கள். நான் தமிழில் முழுவதும் வாசித்தேன். அவர் பேனாவை மேசை நடுவில் வைத்தார்.

ஐந்து பேரும் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"உது கொழும்புக்குப் போகுமோ?" என்று ஒருவர் கேட்டார். அவர்தான் இன்றைய தலைவர்.

"போகாது."

"எங்கட கேசுக்குப் போகுமோ?"

"அதுக்கும் போகாது."

"அப்ப ஏன் கையெழுத்துக் கேட்கினம்?"

ஊரில் பெயர் எழுதிய ஒரு தாளுக்காக ஆட்கள் காணாமல் போனதைக் கண்டு வந்தவர்கள். அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். பிறகு நடந்ததைத்தான் மன்னிக்கமாட்டேன். சட்டத்தரணி என்னைப் பார்த்தார். "நீ?" என்றார். அந்தக் காகிதம் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாது என்று அந்த அறையில் திட்டமாகத் தெரிந்த ஒரே தமிழன் நான். என் மனைவி பிள்ளைகளின் விண்ணப்பம் அப்போது தூதரகத்தில் கிடந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

அவர் பேனாவை எடுத்துத் தன் பக்கம் வைத்தார். தாதியாக வேலைபார்த்த தங்கச்சிக்கு ரெலிபோன் எடுத்தார். தட்டச்சு செய்யும் பெண்ணைக் கூப்பிட்டார். அவரும் அந்தத் தீவுக்காரர்தான். தங்கச்சி வேலை உடுப்போடு வந்து சேர்ந்தார். விதி விதிதானே, அவர்களுக்கும் முழுவதும் வாசிக்கப்பட்டது. தமிழ் மொழியையும் பண்பாட்டையும் பேணுதல், தைப்பொங்கல் முதலிய விழாக்களை நடத்துதல் என்று அந்தத் தட்டச்சுப் பெண் ஆங்கிலத்தில் உரத்து வாசிக்க, அக்காவும் தங்கச்சியும் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்கள். பிறகு மூன்று கறுப்பினப் பெண்கள் கையெழுத்திட்டு ஒரு தமிழ்ச் சங்கத்தை நிறுவினார்கள். ஐந்து பெரியோரும் நானும் சுவரோரம் நின்று பார்த்தோம்.

படியிறங்கும்போது இன்றைய தலைவர் என் காதுக்குள் கேட்டார்: "அப்ப எங்கட சங்கம் கறுவலின்ரை பேரிலயோ?"

"பேந்து மாத்தலாம்" என்றேன்.

மாற்றவில்லை. மண்டபம் கிடைத்தது, பொங்கல் பொங்கியது, யாரும் சட்டப்படி ஒன்றையும் மாற்றவில்லை. பத்து வருடம் கழித்து மலருக்கு வரலாறு கேட்டார்கள். "அந்தப் பதிவுக் கதையெல்லாம் எதுக்கு, சனம் குழம்பும்" என்றார் தலைவர். என் மனைவி பிள்ளைகள் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டார்கள். எனக்குப் பயப்பட ஒன்றுமே இல்லை. இருந்தும் எழுதினேன். சுவரில் நிறுவுநர் என்று ஐந்து படங்கள் ஏறின. சட்டத்தரணிக்கும் ஒரு மலர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டு என்று கேட்கவுமில்லை. அலமாரியில் வைத்தார்.

இந்த வருடம் நகரின் வட எல்லையில், மில்லிக்கனில் சங்கத்துக்குச் சொந்த மண்டபம் வந்தது. அதற்குப் பெயர் வேண்டும். ஓய்வுபெற்று முதியோர் இல்லத்தில் இருக்கும் அவருக்கு எண்பத்தேழு வயது. அவர் உயிரோடு இருக்கும்போது அவருடைய பெயர் அந்தக் கதவுக்கு மேலே ஏறவேண்டும் என்பது ஒன்றுதான் எனக்குத் தேவையாக இருந்தது. இந்தக் கட்டுரையில் அவர் பெயரை எழுதாததற்கும் அதுதான் காரணம். அது முதலில் கதவில் வரட்டும்.

பொதுக்கூட்டத்தில் பிரேரணையை முன்வைத்தேன். ஒருவர் வழிமொழிந்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இஞ்சை பாரும் ஐசே, அந்த மனுசியிலை எங்களுக்கு மரியாதை இல்லையெண்டில்லை. என்ரை கேஸைச் செய்ததும் அவதான். ஆனா யாப்பு என்ன சொல்லுது? மண்டபத்துக்கு நிறுவுநரின்ரை பேர் மட்டும்தான் வைக்கலாம். உந்த விதியை எழுதினதே நீர்."

உண்மைதான். வீடு விற்கும் ஒரு பிரமுகர் தன் பெயரை மண்டபத்துக்குச் சூட்டப் பார்த்தபோது, அவரை வெளியே வைக்க நான் சேர்த்த விதி அது.

"எங்கட பிள்ளையள் வந்து பாத்தா என்ன நினைக்குங்கள்?" என்று முன்வரிசையில் ஒரு அன்ரி. "தமிழ் மண்டபத்திலை கறுவலின்ரை பேர்."

"உங்கட அவரின்ரை அப்பீலை வெண்டது ஆர் அன்ரி?" என்றேன்.

"அது வேறை. அது அவவின்ரை வேலை."

தலைவர் மேசைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். பத்தாம் ஆண்டு மலர். என் கட்டுரையை, என் பெயரோடு, அழகான உச்சரிப்பில் வாசித்தார். துணிவை இழக்காத ஐந்து பெரியோர். கைதட்டல்கூட வந்தது. "எழுதினவர் முன்னாலைதான் நிக்கிறார். இதிலை அந்த மனுசியின்ரை பேர் இருக்கோ எண்டு அவரே சொல்லட்டும்."

"எழுதினது நான்" என்றேன். "எழுதினது பொய்."

பதிவுப் பத்திரத்தின் அத்தாட்சிப் பிரதியை எடுத்து மேசையில் வைத்தேன். முறைப்படி விண்ணப்பித்துப் பெற்றது, முத்திரையோடு. முதல் பணிப்பாளர்கள் மூவர். மூன்று கையெழுத்துகள். ஒன்றுகூடத் தமிழில் இல்லை. ஒவ்வொரு பெயராக வாசித்தேன். மண்டபம் அமைதியானது. ஆனால் அது வெட்கத்தால் வந்த அமைதி அல்ல. அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிக்கும் அமைதி. இருபத்திரண்டு வருடம் மொழிபெயர்த்தவனுக்கு வித்தியாசம் தெரியும்.

"அது சும்மா பேப்பர் அலுவல்" என்றார் தலைவர். "மனசாலை நிறுவினது நாங்கள்."

அப்போதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. மனத்தால் நிறுவியதற்கு எந்தக் கருமபீடத்தில் முத்திரை குத்துகிறார்கள்?

"நல்லது தலைவர். அப்ப பேப்பரைப் பற்றியே கதைப்பம். சட்டப்படி இந்தச் சங்கத்தின்ரை உறுப்பினர் இந்த மூண்டு பேரும்தான். இத்தனை வருசத்திலை ஒரு கூட்டத்துக்காவது இவைக்கு அறிவித்தல் அனுப்பினனீங்களோ? இல்லை. அப்ப நீங்கள் தலைவராத் தெரிவானது செல்லாது. இந்தக் கூட்டம் செல்லாது. இந்த மண்டபம் வாங்கினதும் செல்லாது."

சரியாகச் சொன்னால், கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். நீதிமன்றம் போனால் ஏதாவது ஒரு நிவாரணம் இருக்கும். அதைச் சொல்லவேண்டிய கடமை எனக்கு இல்லை; தலைவர் என்னுடைய கட்சிக்காரர் அல்ல. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பாதிப் பேர் சாப்பிடாமலே போனார்கள். எங்கள் கூட்டங்களில் அது நடப்பதேயில்லை.

அடுத்தநாள் காலை தலைவர் ரெலிபோன் எடுத்தார்.

"ஐசே, அப்ப இந்த மண்டபம் ஆற்றை?"

"மூண்டு மனுசிமாற்றை. ரெண்டு பேர் செத்துப்போச்சினம்."

"அப்ப?"

"ஒரு ஆள் இருக்கிறா. நடந்ததெல்லாத்தையும் ஏற்றுக்கொள்ளுறன் எண்டு அவ ஒரு கையெழுத்து வைச்சா எல்லாம் சரி."

"வைப்பாவோ?"

"மண்டபத்துக்கு அவவின்ரை பேர் எண்டு அதே பத்திரத்திலை இருந்தா, கேட்டுப் பாக்கலாம்."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "எழுதும்" என்றார். அவரை அசைத்தது நன்றியல்ல, பயம். அன்றைக்கு அந்தப் பேனாவைத் தொடவிடாமல் தடுத்த அதே பயம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரு சேதாரமும் இல்லாமல் அப்படியே வைத்திருந்திருக்கிறார்.

இரண்டு பக்கம், ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினேன். சங்கம் எப்படிப் பிறந்தது என்பதை முதற் பக்கத்தில் ஒரு பெயரடையும் இல்லாமல் எழுதினேன். ஐந்து படங்களில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். ஒருவர் ஊருக்குத் திரும்பிவிட்டார், ஒருவர் பக்கத்து ஊரான பிறம்ரனில் இருந்துகொண்டு முழங்கால் நோவு என்றார். தலைவரும் நானும்தான் போனோம். தலைவர் பழக்கூடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

சட்டத்தரணி யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. விசயத்தை ஏற்கெனவே ரெலிபோனில் சொல்லியிருந்தேன். தலைவர் பழக்கூடையை நீட்டிப் பேசத் தொடங்கியதும் சட்டத்தரணி கையை உயர்த்தினார்.

"பழம் பிறகு. வாசி."

தலைவர் பத்திரத்தை என்னிடம் தந்தார்.

"அவன் இல்லை. அவன் எனக்குப் போதுமான அளவு வாசித்துவிட்டான். நீ."

தலைவர் ஆங்கிலத்தில் வாசித்தார். இரண்டு பக்கமும். சட்டத்தரணி கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "இனித் தமிழில்" என்றார்.

"உங்களுக்கு விளங்காதே, மேடம்."

"கையெழுத்து வைப்பவரின் மொழியில். அது என்னுடைய அலுவலக விதி."

"கையெழுத்து நீங்கள்தானே வைக்கிறீர்கள்?"

"நான் மட்டும் என்று யார் சொன்னது?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். பிறகு அவர் தமிழில் வாசிக்கத் தொடங்கினார். மலரை வாசித்த அந்த அழகான உச்சரிப்பு இப்போது இல்லை. "கட்சிக்காரர் ஐவரும் கையெழுத்திட மறுத்தமையாலும், ஆபத்து ஏதும் இல்லை என்பதை நன்கறிந்த அலுவலக எழுதுவினைஞரும் மறுத்தமையாலும்" என்ற இடத்தில் நின்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அதையும் எழுதியிருப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஏன் நிற்கிறாய்?" என்றார் சட்டத்தரணி.

வாசித்து முடித்தார். சட்டத்தரணி பேனாவைத் தடவி எடுத்து, மூடியைக் கழற்றி, தலைவர் இருந்த பக்கமாக நீட்டினார்.

"முதலில் நீ."

எழுபத்தொன்பது வயது மனிதர். கனடியக் குடியுரிமை, மில்லிக்கனில் வீடு, நாலு பேரப்பிள்ளைகள். பேனாவை இரண்டு தரம் மாற்றிப் பிடித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம், கடைசியில் கையெழுத்து. பிறகு பேனா என்னிடம் வந்தது. நானும் வைத்தேன். கடைசியாகச் சட்டத்தரணி விரலை வைத்துக் கோட்டைக் காட்டச் சொன்னார், காட்டினேன். மூன்றாவது கையெழுத்து அவருடையது.

பேனாவை மூடிக்கொண்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"உன்னுடைய ஆட்கள் முதல்நாள் ஒரு கேள்வி கேட்பார்களே. எவ்வளவு காலம் எடுக்கும் என்று."

நான் பத்திரத்தை உறைக்குள் வைத்தேன்.

"இவ்வளவு காலம்" என்றார். பிறகு, பழக்கூடையில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

திரும்பி வரும்போது காரில் தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு தெருவையே பார்த்தபடி வந்தார். நான்கூட, மனிதர் மனம் திருந்துகிறார் போலிருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தேன். மில்லிக்கனுக்குள் திரும்பும் சிக்னலில் தொண்டையைச் செருமினார்.

"பெரிய மனுசிதான் ஐசே. ஒத்துக்கொள்ளுறன். ஆனா சனத்தையும் பாக்கவேணும். போர்டிலை அவவின்ரை பேரைக் கொஞ்சம் சின்ன எழுத்திலை போடுவம். என்ன சொல்லுறீர்?"

"இரண்டாம் பக்கம், ஏழாம் பந்தி" என்றேன்.

"அதென்ன?"

"எழுத்தின்ரை உயரம். பன்னிரண்டு அங்குலம். இங்கிலிசிலை ஒருக்கா, தமிழிலை ஒருக்கா வாசிச்சனீர். பக்கத்திலை சுருக்கொப்பமும் வைச்சிருக்கிறீர்."